கழுத்தைப் பிடித்த கைக்கு இன்னொரு பந்து

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தெருவுக்கே அவர் பி.டி. மாஸ்டர். முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியவர், கூடைப்பந்து அணியை வேனில் ஏற்றிக்கொண்டு மாவட்டப் போட்டிகளுக்கு அலைந்தவர். சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தால் அவருக்குச் சர்க்கரை இல்லாத டீ ஒன்று, எனக்கு ஒரு கேள்வி. போன வாரம் கேட்டது இது:

"ஏன் தம்பி, ஒருத்தன் நல்லா ஆடுறான். ஆனா அடங்க மாட்டேங்கிறான். ஒரு டீம்ல பெரிய வம்பு பண்ணிட்டு வெளிய வர்றான். இன்னொரு டீம் அவனைக் கூப்பிட்டு வச்சுக்குது. அவனுக்கு அதுக்குத் தகுதி இருக்கா?"

பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும். ஆளைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கலாம். அது மாஸ்டருக்குப் பிடிக்காது. அதனால் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துச் சரித்திரத்தில் இந்தக் கேள்விக்கு இவரைவிடக் கடினமான உதாரணம் கிடையாது. பெயர் லட்ரெல் ஸ்ப்ரீவெல். பயிற்சியின்போது தன் கோச்சின் கழுத்தை நெரித்தவர்.

மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்தார். "கோச் கழுத்தையா? அப்புறம் என்ன பேச்சு தம்பி. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. முதலிலிருந்து வருகிறேன்.

ஸ்ப்ரீவெல் 1970-இல் மில்வாக்கியில் பிறந்தவர். பள்ளி அணிக்கே கடைசி வருஷத்தில்தான் போனார். அங்கிருந்து மிசூரியில் ஒரு சின்ன இரண்டாண்டுக் கல்லூரி, பிறகு அலபாமா பல்கலைக்கழகம். 1992-இல் கலிஃபோர்னியாவின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி 24-வது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த இடத்தில் எடுக்கப்படும் பையன்களில் பாதிப் பேரின் பெயர் நான்கு வருஷத்தில் மறந்துபோகும். இவரோ இரண்டாவது வருஷமே நாட்டின் முதல் ஐந்து ஆட்டக்காரர்கள் பட்டியலில் வந்து நின்றார். வேகம், துள்ளல், எதிராளியை ஒட்டிக்கொண்டே ஓடும் தடுப்பாட்டம். அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள், ஓய்வே எடுக்காத மனிதன் என்பார்கள்.

அடுத்து நடந்ததைத்தான் இந்த விவகாரத்தில் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1994 நவம்பரில் அவருடைய நெருங்கிய தோழர் கிறிஸ் வெபரை வாரியர்ஸ் வேறு அணிக்குக் கைமாற்றியது. மனம் கசந்த ஸ்ப்ரீவெல், போய்விட்ட தோழர்களின் எண்களைத் தன் ஷூவில் எழுதிக்கொண்டு ஆடினார். அடுத்து டிம் ஹார்டவே போனார். அதற்கடுத்து கிறிஸ் மல்லின். கோச்சுகளும் நிலைக்கவில்லை. டான் நெல்சன், பாப் லேனியர், ரிக் அடெல்மன் எல்லாரும் போய், 1997-இல் வந்து சேர்ந்த பி.ஜே. கார்லிசிமோ இவருக்கு நான்காவது ஆள். கூட்டுக்குடும்பத்தில் எல்லாரும் தனிக்குடித்தனம் போய்விட, இடிந்த வீட்டின் சாவி மட்டும் ஒருவன் கையில் மிஞ்சியது போல. இருந்த ஒரே நட்சத்திரம் அவர்தான். 1996-97-இல் ஆட்டத்துக்குச் சராசரி 24 புள்ளி எடுத்தார். அணியோ தோற்றுக்கொண்டே இருந்தது.

இதை அவருக்குச் சாக்காகச் சொல்லவில்லை. அதற்கு முன்பே, 1995-இல், பயிற்சியில் சக வீரர் ஜெரோம் கெர்ஸியோடு கைகலந்தவர் அவர். சூடு ரத்தத்திலேயே இருந்தது.

கார்லிசிமோவும் லேசுப்பட்டவர் இல்லை. ஸீட்டன் ஹால் பல்கலைக்கழக அணியை 1989-இல் தேசிய இறுதியாட்டம் வரை கொண்டுபோனவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் மைக்கேல் ஜோர்டனும் மேஜிக் ஜான்சனும் ஆடிய கனவு அணிக்கு உதவிக் கோச். கல்லூரிப் பையன்களிடம் கத்தி வேலை வாங்கிப் பழகிய வாய். முந்தைய வேலையில், போர்ட்லாண்டில், ராட் ஸ்ட்ரிக்லாண்ட் என்ற ஆட்டக்காரரோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை.

1997 டிசம்பர் 1. வாரியர்ஸ் அதுவரை ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்திருந்தது, தோற்றது பதின்மூன்று. பயிற்சியில் ஸ்ப்ரீவெல் பந்தைத் தள்ளிய விதம் பிடிக்காமல், இன்னும் உறைப்பாகப் போடு என்று கோச் குரல் கொடுத்தார். கிட்டே வராதே என்றார் ஸ்ப்ரீவெல். கோச் வந்தார். இரண்டு கையாலும் கழுத்து. பத்து வினாடி அளவுக்குப் பிடி விடவில்லை, மற்றவர்கள் இழுத்துப் பிரித்தார்கள். அதோடு நின்றிருந்தால்கூட ஆத்திரம் என்று சொல்லலாம். குளியலறைக்குப் போனவர் சுமார் இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து மறுபடியும் கோச்சின் மேல் பாய்ந்தார்.

"அந்த இருபது நிமிஷம்தான் தம்பி தப்பு" என்றார் மாஸ்டர். முப்பது வருஷ அனுபவம். அவர் சுட்டிய இடத்தைத்தான் பிறகு வழக்கறிஞர்களும் மணிக்கணக்கில் வாதாடினார்கள்.

முதலில் பத்து ஆட்டம் இடைநீக்கம் என்றது கிளப். இரண்டு நாளில் ஒப்பந்தத்தையே கிழித்தது. நான்கு வருஷத்துக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் அது, அதில் 2 கோடியே 37 லட்சம் பாக்கி இருந்தது. மறுநாள் என்.பி.ஏ. தன் பங்குக்கு ஒரு வருஷத் தடை போட்டது. கான்வர்ஸ் ஷூ கம்பெனி கைகழுவியது. ஸ்ப்ரீவெல் பத்திரிகையாளர்களைக் கூட்டி மன்னிப்புக் கேட்டார், பக்கத்தில் ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கில் பேர் வாங்கிய வக்கீல் ஜானி காக்ரன். கறுப்பின வீரர், வெள்ளைக்காரக் கோச் என்று நாடு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கோச்சுக்கு அது வேண்டியதாகக்கூட இருந்திருக்கலாம் என்கிற அர்த்தத்தில் சான்பிரான்சிஸ்கோ மேயரே வாயை விட்டு மாட்டிக்கொண்டார்.

வழக்கு நடுவர் முன் போனது. ஜான் ஃபீரிக், நியூயார்க்கில் ஃபோர்டாம் சட்டக் கல்லூரியின் தலைவர். 1998 மார்ச்சில் தீர்ப்பு. ஒரே குற்றத்துக்குக் கிளப் ஒரு தண்டனை, லீக் ஒரு தண்டனை என்று இரண்டையும் முழுசாகச் சுமத்த முடியாது. திட்டம் போட்டுச் செய்ததாகவும் தெரியவில்லை. தடை அந்த சீசன் முடியும்வரை போதும், ஒப்பந்தம் செல்லும். ஒரு வருஷத் தடை 68 ஆட்டங்களாகக் குறைந்தது. அப்படியும் அவருக்கு 64 லட்சம் டாலர் சம்பளம் போயிற்று.

68 ஆட்டம் என்பது குறைவா, கூடுதலா? பழைய கணக்கு ஒன்றோடு வைத்துப் பார்த்தால் புரியும். 1977 டிசம்பரில் லேக்கர்ஸ் அணியின் கெர்மிட் வாஷிங்டன், ஆட்டத்தின் நடுவே ஓடிவந்த ருடி டாம்ஜானோவிச்சை முகத்தில் குத்தினார். முகத்து எலும்புகள் நொறுங்கின. உயிருக்கே ஆபத்து என்ற நிலை. வாஷிங்டனுக்குத் தடை 26 ஆட்டம். அந்த மாதமே பாஸ்டன் அணி அவரை வாங்கிக்கொண்டது, இரண்டு வருஷம் கழித்துப் போர்ட்லாண்டுக்காக ஆல்-ஸ்டார் ஆட்டமும் ஆடினார். அப்போது மறுவாய்ப்பு பற்றி இவ்வளவு சர்ச்சை வரவில்லை. அடிபட்டது முதலாளி தரப்பு ஆளாக இருந்தால் தராசு வேறு மாதிரி நிற்கிறது என்பது என் சந்தேகம். மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. "கோச்சும் ஆட்டக்காரனும் ஒண்ணா?" என்றார். அவர் பங்குக்கு நியாயம்தான். சக வீரனை அடித்தால் சண்டை, சொல்லிக்கொடுக்கிறவரை அடித்தால் அணி என்ற ஏற்பாட்டையே அடித்ததாகிறது.

இந்த இடத்தில் என்.பி.ஏ.யில் ஆள் மாறுவது எப்படி என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீதி விளங்காது. நமக்குப் பழக்கம் ஐ.பி.எல். ஏலம். பணத்தைக் கூவி ஆளை எடுப்பார்கள். என்.பி.ஏ.யில் பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் பரிமாற்றம். ஆட்டக்காரர் தன் சம்பள ஒப்பந்தத்தோடு அப்படியே இன்னொரு ஊருக்குக் கைமாறுவார். அபூர்வமாகச் சிலருக்கு மறுக்கும் உரிமை உண்டு, மற்றவர்களைக் கேட்பதே இல்லை. காலையில் ஃபோன் வரும், மறுநாள் வேறு நகரம். அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால், போகிறவர்களின் சம்பளமும் வருகிறவர்களின் சம்பளமும் ஏறக்குறைய பொருந்த வேண்டும். ஒரு பெரிய ஆளுக்குப் பதிலாக மூன்று பேர் போவது அதனால்தான்.

1999 ஜனவரியில் அதுதான் நடந்தது. முதலாளி-தொழிலாளி தகராறில் பாதி சீசன் முடங்கிப்போய், 50 ஆட்டம் மட்டும் நடத்த முடிவான வருஷம். நியூயார்க் நிக்ஸ் மூன்று பேரைக் கொடுத்து ஸ்ப்ரீவெல்லை வாங்கியது. ஜான் ஸ்டார்க்ஸ், கிறிஸ் மில்ஸ், டெர்ரி கம்மிங்ஸ். இதில் ஸ்டார்க்ஸ் கதை தனி ருசி. அவரும் கோபக்காரர், 1993-இல் ரெஜ்ஜி மில்லரைத் தலையால் முட்டி வெளியேற்றப்பட்டவர். மளிகைக் கடையில் சாமான் பைகளில் அடுக்கிக்கொடுத்துப் பிழைத்தவர். எந்த அணியும் தேர்ந்தெடுக்காத அவருக்கு 1988-இல் முதல் வாய்ப்புக் கொடுத்தது எந்த அணி? இதே கோல்டன் ஸ்டேட். அங்கே நிலைக்காமல் நியூயார்க் போய் அந்த ஊரின் செல்லப்பிள்ளை ஆனவரை, இன்னொரு கோபக்காரருக்காகப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள்.

புது இடத்தில் ஸ்ப்ரீவெல்லுக்கு என்ன மாறியது? ஆள் மாறவில்லை. அவரிடம் எதிர்பார்க்கப்பட்ட வேலை மாறியது. நியூயார்க்கில் பேட்ரிக் யூயிங் இருந்தார், ஆலன் ஹூஸ்டன், லாரி ஜான்சன் இருந்தார்கள். ஊரைத் தாங்கும் தூண் வேறொருவர். கோச் ஜெஃப் வான் கண்டி இவரைத் தொடக்க ஐவரில்கூடச் சேர்க்காமல் பெஞ்சிலிருந்து இறக்கினார். முன்னாள் ஆல்-ஸ்டார், பெஞ்சில்! முணுமுணுப்பு இருந்திருக்கும், ஆனால் உட்கார்ந்தார். நடுவே குதிகால் காயத்தில் பதின்மூன்று ஆட்டம் போனது. அப்படியும் சராசரி 16 புள்ளிக்கு மேல் எடுத்தார்.

நிக்ஸ் 27 வெற்றி, 23 தோல்வியோடு கிழக்குப் பிரிவில் எட்டாவது இடம், அதாவது கடைசிப் பெட்டியில் தொத்திக்கொண்டது. முதல் சுற்றில் முதலிடத்து மயாமியை, கடைசி ஆட்டத்தின் கடைசி வினாடியில் ஆலன் ஹூஸ்டன் போட்ட கூடையால் சாய்த்தது. அட்லாண்டா விழுந்தது. இண்டியானாவோடு ஆடும்போது யூயிங் குதிகால் தசைநார் காயத்தால் விலகினார். தூண் சரிந்ததும் பாரம் ஸ்ப்ரீவெல் தோளுக்கு வந்தது. நிக்ஸ் இறுதிக்குப் போனது. எட்டாவது இடத்து அணி இறுதிக்குப் போவது என்.பி.ஏ.யில் அதுவே முதல் தடவை. அங்கே சான் அன்டோனியோ ஸ்பர்ஸிடம் நான்குக்கு ஒன்று என்று தோற்றார்கள். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கடைசி ஆட்டத்தில் ஸ்ப்ரீவெல் தனியாக 35 புள்ளி. தோல்வி 78-77, ஒரே புள்ளியில்.

அந்த வருஷம் ஒரு ஷூ விளம்பரத்தில் தலையைப் பின்னிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். என்னை அமெரிக்காவின் கெட்ட கனவு என்கிறார்கள், நான் அமெரிக்கக் கனவு என்கிறேன் என்று பேசுவார். கழுத்தை நெரித்ததை விற்றுக் காசாக்கினார்கள் என்று சிலருக்குக் கோபம். எனக்கும் அந்த விளம்பரம் பார்க்கக் கூசுகிறது. ஆனால் கூட்டம் அவர் பெயரைக் கூவியது, நிக்ஸ் ஐந்து வருஷத்துக்குச் சுமார் 6 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டது.

"அப்ப காசுக்காகத்தான் மன்னிச்சிருக்காங்க" என்றார் மாஸ்டர்.

இங்கேதான் சிக்கல். மூன்று பேர் பட்ட கடனை மளிகைக் கடைக்காரர் ஒரே பக்கத்தில் எழுதினால் எப்படிக் குழம்புமோ அப்படிக் குழம்புகிறோம். தண்டனை ஒரு கணக்கு. அது லீக்குக்கும் நடுவருக்கும் சேர வேண்டியது. ஸ்ப்ரீவெல் அதை 68 ஆட்டமும் 64 லட்சமுமாகக் கட்டிவிட்டார். மன்னிப்பு வேறு கணக்கு. அது கார்லிசிமோ என்ற ஒரே மனிதரிடம் இருக்கிறது. நியூயார்க் அதைக் கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. நிக்ஸ் கொடுத்தது வேலை. வேலை மூன்றாவது கணக்கு, தேவையைப் பார்த்துக் கொடுப்பது. அதை மன்னிப்பு என்று படிப்பதால்தான் நமக்கு வயிறு எரிகிறது.

தண்டனை முடிந்த ஒருவன் வேலை தேடுவது பரிசு கேட்பதாகாது. அதிலும் இந்தத் தொழிலுக்கு உலகத்தில் இருக்கும் பெரிய கம்பெனி ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் அதன் கிளைகள். ஒரு கிளையில் வெளியே போ என்றால் இன்னொரு கிளை எடுத்தால்தான் பிழைப்பு. பழைய இடத்திலேயே திருந்து என்று சொல்வதும் நடக்காது. தான் கழுத்தை நெரித்த மனிதர் விசில் ஊத, தினமும் காலையில் அவர் முன்னால் ஓட வேண்டும். அது கார்லிசிமோவுக்கும்தானே தண்டனை? ஆளை வெளியூர் அனுப்புவதில் அடிபட்டவருக்கும் ஒரு நிம்மதி இருக்கிறது.

மாஸ்டர் விடவில்லை. "நான் ஹெட்மாஸ்டர் கழுத்தைப் பிடிச்சிருந்தா? பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் என்னை மாலை போட்டுக் கூப்பிட்டிருக்குமா?"

கூப்பிட்டிருக்காது. இதற்கு என்னிடம் பூசி மெழுக எதுவும் இல்லை. ஸ்ப்ரீவெல் ஆட்டத்துக்கு 24 புள்ளி எடுக்காமல் 4 புள்ளி எடுக்கிறவராக இருந்தால், 68 ஆட்டத் தடையோடு கதை முடிந்திருக்கும், நடுவர் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது. திறமைக்குத்தான் இரண்டாவது கதவு திறக்கிறது. இது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தைச் சரிசெய்ய நல்ல ஆட்டக்காரனுக்கும் கதவைச் சாத்துவது வழியா, சாதாரண ஆளுக்கும் கொஞ்சம் திறப்பது வழியா? நான் இரண்டாவது பக்கம்.

கதவு திறந்தால் போதுமா என்றால், போதாது. ரான் ஆர்டெஸ்ட்டைப் பாருங்கள். 2004 நவம்பர் 19, டெட்ராய்ட் அருகே ஆபர்ன் ஹில்ஸ் அரங்கம். ஸ்கோர் எழுதுகிறவர்களின் மேசைமேல் மல்லாந்து படுத்திருந்தவர் மேல் ரசிகர் ஒருவர் பானக் கோப்பையை வீசினார். இவர் பார்வையாளர் வரிசைக்குள் ஏறிப் பாய்ந்தார், அதுவும் தப்பான ஆள்மேல். பிளேஆஃப் உட்பட 86 ஆட்டங்கள் போயின. பிறகு சாக்ரமென்டோ, ஹூஸ்டன், லேக்கர்ஸ் என்று ஊர் ஊராகப் போனார். 2010-இல் பாஸ்டனுக்கு எதிரான இறுதித் தொடர், ஏழாவது ஆட்டம், கடைசி ஒரு நிமிஷ வாக்கில் மூன்று புள்ளிக் கூடை ஒன்றைப் போட்டுக் கோப்பையை உறுதி செய்தார். மைக்கை நீட்டியதும் நேரடி ஒளிபரப்பில் தன் மனநல மருத்துவருக்கு நன்றி சொன்னார். எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் அது. ஊர் மாறியது உதவி, வைத்தியம் பார்த்துக்கொண்டது காரணம். அந்தச் சாம்பியன் மோதிரத்தைக் குலுக்கலில் விட்டு மனநலப் பணிகளுக்கு நிதி திரட்டினார், 2011-இல் சமூக சேவைக்கான லீக் விருது வாங்கினார், மெட்டா வேர்ல்ட் பீஸ் என்று பெயரையே மாற்றிக்கொண்டார். உலக சமாதானம் என்று பெயர் வைத்துக்கொண்ட அதே மனிதர் 2012 ஏப்ரலில் ஜேம்ஸ் ஹார்டனின் தலையில் முழங்கையால் இடித்து ஏழு ஆட்டத் தடை வாங்கினார். திருந்துவது என்பது இப்படித்தான் இருக்கும். சினிமாவில்தான் ஒரே பாட்டில் முடியும்.

டென்னிஸ் ராட்மன் கதை எல்லாருக்கும் தெரிந்தது, சுருக்கமாக ஒன்று மட்டும். 1991-இல் ஸ்காட்டி பிப்பனைத் தள்ளிவிட்டுத் தாடையைக் கிழித்தவர் ராட்மன். 1995-இல் அவரை வாங்குவதற்கு முன் சிகாகோ புல்ஸ், ஜோர்டனிடமும் அந்தப் பிப்பனிடமும் சம்மதம் கேட்டது. அடிபட்டவரே சரி என்ற பிறகு வந்த ஆள், மூன்று வருஷத்தில் மூன்று கோப்பைக்குக் கை கொடுத்தார். கேட்டுவிட்டுச் சேர்ப்பது என்ற அந்தச் சின்ன மரியாதைக்கு எவ்வளவு பலன்!

ஸாக் ராண்டால்ஃபையும் விட முடியாது. 2003-இல் போர்ட்லாண்டில் பயிற்சியின்போது சக வீரர் ரூபன் பேட்டர்சனைக் குத்திக் கண் குழி எலும்பை உடைத்தவர். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் இரண்டு இடத்திலும் ஒட்டவில்லை. புது ஊர் என்றாலே சரியாகிவிடும் என்பவர்களுக்கு அந்த இரண்டு வருஷமே பதில். 2009-இல் மெம்ஃபிஸ் வாங்கியபோது பலர் சிரித்தார்கள். அந்த ஊர் உழைப்பாளிகளின் ஊர், கிட்டத்தில் நின்று முட்டிமோதும் இவருடைய ஆட்டம் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. மின்கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களுக்கு இவர் கட்டினார். 2021 டிசம்பரில் அவருடைய 50-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் இல்லை என்று அரங்கத்தின் கூரையில் ஏற்றினார்கள்.

ஸ்ப்ரீவெல்லுக்கு அப்படி எந்தக் கூரையிலும் இடம் கிடைக்கவில்லை. 2002-இல் கை எலும்பு முறிந்ததைச் சொல்லாமல் விட்டார் என்று நிக்ஸ் இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. அடுத்த வருஷம் மினசோட்டாவுக்கு அனுப்பியது. அந்த டிசம்பரில் எதிரணிச் சட்டையோடு மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு வந்து 31 புள்ளி எடுத்தார், இடையிடையே நிக்ஸ் முதலாளி ஜேம்ஸ் டோலன் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிக் கெட்ட வார்த்தை. அதற்கும் அபராதம். ஆனால் அதே சீசனில் கெவின் கார்னெட், சாம் கசல் இருவரோடும் சேர்ந்து மினசோட்டாவை மேற்குப் பிரிவின் இறுதிவரை கொண்டுபோனார். ஏழு வருஷம் தொடர்ந்து முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விய அணி அது. மூன்றாவது ஊரிலும் ஒரு நல்ல வருஷம் கிடைத்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அதன்பின் கெட்டது முழுக்க அவர் கையால். 2004 அக்டோபரில் மினசோட்டா மூன்று வருஷத்துக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் நீட்டிப்பு தருவதாகச் சொன்னது. அந்த வருஷச் சம்பளமே 1 கோடியே 46 லட்சம் வாங்கிக்கொண்டிருந்தவர், எனக்குச் சோறு போட ஒரு குடும்பம் இருக்கிறது என்று சொல்லி மறுத்தார். அமெரிக்கா முழுக்கச் சிரித்தது. 2005 ஏப்ரலுக்குப் பிறகு அவர் என்.பி.ஏ.யில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. 2007-இல் கடனுக்கு அவருடைய சொகுசுப் படகைப் பறிமுதல் செய்தார்கள். இன்னொன்று, 2017 பிப்ரவரியில் அதே டோலன் அழைப்பில் அதே அரங்கத்தில் முன்வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். வாழ்க்கையில் யார் பக்கத்தில் யார் உட்காருவார் என்று சொல்லவே முடியாது.

மாஸ்டர் டீயை முடித்து நெடுநேரமாகியிருந்தது. அவர் மனசில் ஓடியது வேறு. "அந்த கோச் என்ன ஆனாரு? அவரைப் பத்தி யாரும் எழுத மாட்டானுங்களே."

எழுதத்தான் வேண்டும். 1999 டிசம்பரில் கார்லிசிமோவை வாரியர்ஸ் வேலையிலிருந்து நீக்கியது. தோல்வி மேல் தோல்வி. அவரும் அந்தச் சம்பவத்தோடு ஒட்டிய பெயர்தானே, அவருக்கும் புது இடம் தேவைப்பட்டது. டி.வி. வர்ணனைக்குப் போனார். 2002-இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை உதவிக் கோச்சாக எடுத்துக்கொண்டது. தலைமை அவருடையது இல்லை, கத்த வேண்டிய வேலை வேறொருவருடையது. 2003, 2005, 2007 என்று மூன்று சாம்பியன் மோதிரம். பிறகு சியாட்டிலில் தலைமைக் கோச் ஆனபோது கெவின் டுரான்ட்டுக்கு முதல் என்.பி.ஏ. கோச் அவர்தான்.

ஸ்ப்ரீவெல்லுக்கு எத்தனை மோதிரம் என்று மாஸ்டர் கேட்டார். ஒன்றுகூட இல்லை. 1999 இறுதியில் அவரைத் தோற்கடித்ததும் அந்த ஸ்பர்ஸ்தான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மாஸ்டர் அவர் கதை ஒன்றைச் சொன்னார். பல வருஷம் முன்னால் அவர் அணியில் ஒரு பையன். இடது கையால் போட்டாலும் கூடை விழும். ஒருநாள் மாற்று ஆளை இறக்கிய கோபத்தில் பந்தை மாஸ்டர் முகத்திலேயே எறிந்தான், மூக்கில் ரத்தம். அணியிலிருந்து நீக்கினார். பையனின் அப்பா வேறு ஊர்ப் பள்ளியில் சேர்க்க டி.சி. வாங்க வந்தார். நடத்தை என்ற கட்டத்தில் என்ன எழுதலாம் என்று ஹெட்மாஸ்டர் இவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"'நன்று'ன்னு எழுதச் சொன்னேன் தம்பி. வேற எதை எழுதினாலும் எவன் சேர்த்துக்குவான்?"

அவ்வளவு நேரம் மறுவாய்ப்புக்கு எதிராக வாதாடியவர் இவர்தான். எனக்கு அதைவிட, அந்த 'நன்று'தான் உறுத்தியது. நியூயார்க் ஸ்ப்ரீவெல்லை எடுத்தபோது அவர் என்ன செய்தார் என்று கடைசி வரிசை ரசிகனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் வான் கண்டி அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து ஆரம்பிக்க முடிந்தது. இந்தப் பையனைச் சேர்த்துக்கொண்ட பள்ளியின் பி.டி. ஆசிரியருக்கோ, பந்து எந்த நேரத்தில் தன் முகத்துக்கு வரும் என்று தெரிய வழியே இல்லை. பையனை அனுப்பியது சரி, கட்டத்தில் நடந்ததை எழுதியிருக்க வேண்டும், அல்லது அந்த ஆசிரியருக்கு ஒரு ஃபோனாவது போட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன்.

மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நாளைக்கு ஐந்தரைக்கு வருவார்.